நூற்றைம்பது மில்லியில் எத்தனை ஸ்பூன்

அக்காவுக்குப் பக்கவாதம் வந்த வருடம், பண்டசோழநல்லூர் வீட்டில் நாங்கள் இருவர்தான். அத்தான் இறந்த பிறகு, மகன் பெங்களூரில் இருந்ததால், அவள் என்னோடு வந்துவிட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாகூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வகப் பணியாளர் வேலை.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது அவளுக்குப் பேச்சில்லை, மூக்கில் குழாய். இதயமும் பலவீனம். டாக்டர் சொன்னார்: "ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர்தான்மா. தாண்டினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும்."

மாத்திரை கரைக்கவும் குழாயைக் கழுவவும் கால் லிட்டர் போனது. மீதி, ஐந்து வேளைக்கு நூற்றைம்பது மில்லி. அதற்கு ஐந்து ஸ்பூன் சத்துமாவு போடச் சொல்லி டப்பாவில் எழுதியிருந்தது. பத்தே நாளில் அவள் கன்ன எலும்பு துருத்திக்கொண்டது. தண்ணீரைக் கூட்ட முடியாது. பொடியை எவ்வளவு கூட்டலாம்?

லீவு போட்டிருந்தேன். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. ஒரு மத்தியானம் வெந்நீரும் அளவுக் குவளையுமாக அடுப்படியில் உட்கார்ந்தேன். ஏழு ஸ்பூன் சுலபமாகக் கரைந்தது. ஒன்பதும் கரைந்தது, ஆனால் நூற்றைம்பது கோட்டில் நின்ற தண்ணீர் நூற்றெண்பதைத் தாண்டி ஏறியிருந்தது. பொடியும் இடம் அடைக்கிறது. அதனால் பொடியை முதலில் போட்டு, பிறகு கோடுவரை தண்ணீர் விட்டேன். அப்படியும் ஒன்பது கரைந்தது. பதினொன்று போட்டபோது அடியில் கட்டிகட்டியாகத் தங்கிவிட்டது. ஆக, ஒன்பது. "ஒன்பது தாங்கும்க்கா," என்று உரக்கச் சொன்னேன். அவள் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் என் குரலை நான் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அன்றிலிருந்து ஒன்பது ஸ்பூன் கொடுத்தேன். இரண்டாம் நாள் அவளுக்கு வயிற்றால் போனது. மூன்றாம் நாள் காலையில் குழாய் அடைத்துக்கொண்டது. ஊசிக்குழலை எவ்வளவு அழுத்தியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. பக்கத்துத் தெரு நர்ஸுக்குப் போன் செய்தேன். டியூட்டிக்குக் கிளம்பியவள் அப்படியே வந்தாள்.

"இன்னாக்கா இது, கூழா?" என்று குவளையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கலக்கும்போது நல்லா கரைஞ்சிச்சே."

"கொஞ்ச நேரம் நின்னா இறுகிடும்க்கா. கரையுதான்னு பாத்த, சரி. வயிறு தாங்குமான்னு பாத்தியா?"

வெதுவெதுப்பான நீரை மெல்ல உள்ளே தள்ளி, இழுத்து, மறுபடி தள்ளி, அடைப்பை எடுத்தாள். ஆஸ்பத்திரி உணவு ஆலோசகரிடம் பேசிவிட்டுப் போனையும் என் கையில் கொடுத்தாள். ஐந்திலிருந்து தொடங்கி, மூன்று நாளைக்கு ஒரு ஸ்பூனாகக் கூட்டு, ஏழுக்கு மேல் வேண்டாம் என்றார்கள். அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குப் புரிந்ததா, தெரியாது.

ஏழு தாங்கியது. மூன்றாம் மாதம் கன்னம் கொஞ்சம் நிறைந்தது. விழுங்குகிறாளா என்று பார்க்க, அதே பொடியைக் கெட்டியாகக் கரைத்து ஒரு ஸ்பூன் வாயில் கொடுக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். விழுங்கினாள். இரண்டாவது ஸ்பூனை இடது கையால் தள்ளிவிட்டு, "வாணாம்," என்றாள். மூன்று மாதம் கழித்து வந்த முதல் வார்த்தை. நான் ஸ்பூனோடு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

பேச்சு வந்ததும் பெங்களூரிலிருந்து அவள் மகன் வந்தான். "நீ ஒருத்தி எவ்ளோதான் பாப்ப சித்தி? அங்க ஆள் போட்டுக்கலாம்," என்றான். அவன் சொன்னது நியாயம்தான். அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். காரில் ஏறும்போது அக்கா என் புடவைத் தலைப்பை விடவில்லை. அவன்தான் மெதுவாக விரல்களைப் பிரித்தான்.

மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் பாகூர் நிறுத்தத்தில் என் ஊர்ப் பேருந்து வந்தது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. பூக்காரம்மா கேட்டாள், "யாருக்கும்மா காத்துனு இருக்க?"

"யாருக்கும் இல்ல," என்றேன்.