மகள் இருந்த வகுப்பு

முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் யூனிஃபார்ம் போட்டேன். எங்கள் பி.எட். கல்லூரியில் எல்லோருக்கும் ஒரே சேலை. சாம்பல் நிறம், கரும்பச்சைக் கரை. கூடப் படித்த பெண்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. அவர்களுக்கு அது அழகாக இருந்தது. நான் கட்டியபோது ஏதோ ஆஸ்பத்திரியில் வார்டு கூட்டப் போகிறவள் மாதிரி இருந்தேன்.

விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்த கையோடு கல்யாணம். வீட்டுக்காரருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை வீட்டோடு இருந்தேன். பிறகு ஒருநாள் போனில், "நான் பி.எட். படிக்கப் போறேன்" என்றேன். "இந்த வயசிலயா?" என்று கேட்டார். ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்புறம், "உன் இஷ்டம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் பள்ளிக்கூடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். எனக்கு விழுந்தது கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில், என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த பள்ளிக்கூடம். மகள் அங்கேதான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வேற ஸ்கூல் கேளு" என்றாள்.

"ஏன் மக்களே?"

"சும்மாதான். கேளு."

நான் கேட்கவில்லை. வேறு இடம் என்றால் ரெண்டு பஸ் மாற வேண்டும் என்று அவளிடம் காரணம் சொன்னேன். உண்மை அது இல்லை. அம்மா டீச்சராக வந்து நிற்பது அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெருமை எனக்குத்தான் தேவைப்பட்டது.

பயிற்சிக்கு வருகிறவர்களை மேற்பார்வை பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஒரு ஆசிரியையைப் பொறுப்பு வைப்பார்கள். கைடு டீச்சர் என்று சொல்லுவோம். தினமும் நாங்கள் எழுதிக்கொண்டு போகும் பாடக்குறிப்பை வாசித்துக் கையெழுத்துப் போடுவதும், கடைசியில் மதிப்பெண் போடுவதும் அவர்தான். எனக்கு வாய்த்த கைடு டீச்சருக்கு என் வயதுதான். வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொஞ்சம் லேட்டாயிட்டு, இல்லியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மோசமானவர் என்று சொல்ல முடியாது. மத்தியானம் சோறு கொண்டுவந்தால் அவியலோ மீன்குழம்போ எனக்கும் ஒரு கரண்டி வைப்பார். தன்னுடைய வகுப்புகளை ஒன்றொன்றாக என்னிடம் தள்ளிவிட்டார். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அட்டைப்பூச்சி, முயல், இரத்த ஓட்டம் எல்லாம் எடுத்தேன். மகள் வகுப்பில் நான் அவளைக் கேள்வி கேட்பதில்லை, அவளும் கை தூக்குவதில்லை. வீட்டில் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னைக்கி ஹார்ட் நல்லா வரைஞ்ச" என்பாள். நர்ஸிங் படிக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இனப்பெருக்கப் பாடம் வந்தபோது கைடு டீச்சர் என்னை லேபுக்குக் கூப்பிட்டார்.

"இந்தப் பாடத்த நீங்க எடுங்க. எனக்கு அது வாயில வராது, கேட்டியளா. பயலுவ சிரிப்பானுவ. நான் எப்பவும் வீட்டுல வாசிச்சுக்கிடுங்கன்னு சொல்லீருவேன்."

"முழுசும் எடுக்கலாமா டீச்சர்? மாதவிடாய் வரைக்கும்?"

"புக்குல உள்ளதுதானே. எடுங்க."

மூன்று நாள் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதினேன். அவர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கருப்பையும் சூலகமும் சினைக்குழாயும் பெரிய சார்ட்டில் நானே வரைந்து வண்ணம் தீட்டினேன். சாப்பாட்டு மேசையில் காய வைத்திருந்ததை மகள் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இத எங்க கிளாஸ்லயா எடுக்கப் போற?"

"ஆமா."

"பையன்மாரு இருக்கானுவ அம்மா."

"அவனுவளும் படிக்கணும்லா?"

"அப்ப நான் அன்னைக்கி லீவு போடுவேன்."

"போடப்பிடாது. அங்க நான் ஒனக்கு அம்மா இல்ல, டீச்சர்" என்றேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்த வரி அது. அதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில் அப்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. அதை இன்று நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அன்றைய பாடம் நன்றாகவே போனது. முதல் ஐந்து நிமிடம் பின்பெஞ்சில் சிரிப்பு இருந்தது. நான் குரலை உயர்த்தவில்லை. இதயத்தைச் சொன்ன அதே குரலில் கருப்பையைச் சொன்னேன். மெல்ல மெல்ல எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். பெண்பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தார்கள். இருபத்தெட்டு நாள் சுழற்சியை வரைந்து முடித்தபோது ஒரு பையன் எழுந்தான். கிண்டலுக்கு எழுந்த மாதிரி தெரியவில்லை.

"டீச்சர், எங்க அக்கா அந்த நாள்ல வயிறு வலிச்சு அழுவா. அது நோயா?"

இந்தக் கேள்விக்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் வாயைக் கட்டவில்லை.

"நோய் இல்ல மக்களே. கருப்பை தசையால ஆனது. உள்சுவர வெளிய தள்ளுகதுக்கு அது சுருங்கும். அதான் வலி. எங்க வீட்டுலயும் மாசாமாசம் இப்படித்தான். ரப்பர் பையில சுடுதண்ணி ஊத்தி வயித்துல வச்சுக் குடுப்பேன். வலி கொஞ்சம் கொறையும்."

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர். அது வகுப்பு முழுவதற்கும் தெரியும். ஒரு நொடிதான். எல்லாத் தலைகளும் மூன்றாம் பெஞ்சுக்குத் திரும்பின. மகள் நிமிரவில்லை. படம் வரைந்துகொண்டிருந்தவளின் பென்சில் ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்ப ஓடியது. அழுத்தி அழுத்தித் தாள் கிழிந்தது.

சாயங்காலம் எனக்காக நிற்காமல் தனியாக வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த ரப்பர் பை வீட்டுக்குப் பின்னால் குப்பைக்குழியில் கிடந்தது. பையன்கள் அவளுக்கு 'சுடுதண்ணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பது மூன்று நாள் கழித்து, என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த இன்னொரு பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மகள் சொல்லவில்லை. அடுத்த மாதம் வலி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். வெந்நீர் பாட்டிலை நீட்டினேன். தொடவில்லை.

அதற்குள் இன்னொன்றும் நடந்தது. வகுப்பில் ஒரு பெண்பிள்ளையின் அப்பா தலைமையாசிரியரைப் பார்க்க வந்தார். ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அசிங்கமான படம் மாட்டிப் பாடம் நடத்துகிறார்கள் என்று புகார். தலைமையாசிரியர் என்னையும் கைடு டீச்சரையும் கூப்பிட்டார்.

"யாரு இந்தப் பாடத்த எடுக்கச் சொன்னது?"

கைடு டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. "வீட்டுல வாசிக்கச் சொல்லுகதுதான் சார் நம்ம வழக்கம். இவங்களா ஆசப்பட்டு எடுத்துட்டாங்க. வயசுல மூத்தவங்க, வெவரமா எடுப்பாங்கன்னு நானும் விட்டுட்டேன்" என்றார்.

பாடக்குறிப்பு நோட்டு என் கையில்தான் இருந்தது. பச்சைக் கையெழுத்து உள்ளே இருந்தது. பிரித்து மேசைமேல் வைத்தால் போதும். ஆனால் இன்னும் மூன்று வாரத்தில் கமிஷன், அதாவது வெளியிலிருந்து ஆட்கள் வந்து எங்களுக்கு வைக்கும் செய்முறைத் தேர்வு. கைடு டீச்சர் போடும் மதிப்பெண்ணும், தலைமையாசிரியர் கொடுக்கும் சான்றிதழும் இல்லாமல் அதில் உட்கார முடியாது. நோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. இதோட முடிச்சிருவோம்" என்றார் தலைமையாசிரியர்.

அவர் மேசையிலேயே, அவர் பேனாவிலேயே எழுதினேன். 'என் அறியாமையால் நேர்ந்த தவறுக்கு' என்று ஆரம்பித்தேன். பாடப்புத்தகத்தில் அச்சடித்திருந்த பாடத்துக்காக எழுதிய கடிதம் அது. மகளிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை அந்த வாரம் நான் கேட்கவில்லை. சார்ட்டை வாங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

வெளியே வந்ததும் கைடு டீச்சர் என் கையைப் பிடித்தார். "மனசுல வச்சுக்கிடாதீங்க டீச்சர். எனக்கு இனியும் இருபது வருசம் இங்க கெடக்கணும்லா. நீங்க நாளைக்கிப் போயிருவிய." கையை உதறியிருக்கலாம். "பரவால்ல டீச்சர்" என்றேன்.

மீதி நாட்களில் செடிகளையே நடத்தினேன். வேர்த்தூவி, நீராவிப்போக்கு, ஒளிச்சேர்க்கை. கமிஷன் நாளில் இலையின் குறுக்குவெட்டை வெட்டிக் காட்டினேன். வந்தவர்கள் பாராட்டினார்கள். கைடு டீச்சர் எனக்கு நிறைய மதிப்பெண் போட்டிருந்தார்.

மகள் பத்தாவதில் அறிவியலில் தொண்ணூற்றுக்கு மேல் எடுத்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் கேட்டாள், காமர்ஸ் குரூப் கேட்டாள். நர்ஸிங் என்னாயிற்று என்று அவள் அப்பா மஸ்கட்டிலிருந்து கேட்டதற்கு, "எனக்கு ரத்தம் பிடிக்காது" என்று பதில் சொன்னாள்.

ரொம்ப நாள் கழித்து, அவள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகு, துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"அன்னைக்கி நான் செஞ்சது தப்புதான், கேட்டியா?"

அவளுக்கு எது என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "பாடம் நல்லாத்தான் எடுத்த" என்றாள். "என் கதய எதுக்குச் சொன்ன?" மடித்த துணிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்மேல் கோபம் என்று சொல்ல முடியாது. எல்லாம் பேசுகிறாள், பஸ் வரவில்லை என்றால் எனக்குத்தான் போன் செய்கிறாள். உடம்புக்கு ஒன்று என்றால் மட்டும் சொல்ல மாட்டாள். மருந்துக்கடை உறையைப் பார்த்து நானாகத் தெரிந்துகொள்வேன்.

நான் இப்போது ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அரசு வேலைக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டே இருக்கிறேன். சேர்ந்த வருடம் அந்தப் பாடத்தை எப்படி எடுப்பது என்று தாளாளரிடம் கேட்டேன். "எதுக்கு டீச்சர் வம்பு? முக்கியமான கேள்விகள மட்டும் குறிச்சுக் குடுத்திருங்க" என்றார்.

குறித்துக் கொடுக்கிறேன். இரண்டு மதிப்பெண் கேள்வி நான்கு, ஐந்து மதிப்பெண் கேள்வி இரண்டு. படத்தை வீட்டில் வரைந்து பழகச் சொல்கிறேன். அப்படி மிச்சமாகும் பீரியடுகளில் முந்தின பாடங்களுக்கு டெஸ்ட் வைக்கிறேன். வருடா வருடம் என் பாடத்தில் எல்லோரும் பாஸ். ஆண்டுவிழா மேடையில் அதற்காக எனக்குப் பொன்னாடை போடுகிறார்கள்.