ஒளிவிழாவில் ஒரு கொலை

சுவிசில் துன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அஞ்சலின் சூப் பரிமாறிக்கொண்டிருந்தபோது கொலை நடந்தது. பயப்பட வேண்டாம், நடிப்புத்தான். பாட்டும் ஆட்டமும் மந்திர வித்தையுமாய் ஊர் ஊராய்த் திரிந்த பழைய காலத்து வரியேத்தே கூட்டம் ஒன்றின் கதை. வித்தைக்காரர் செத்துக் கிடப்பார். சாப்பிட வந்த சனம் நடிகர்களை விசாரித்துக் கொலையாளியைப் பிடிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்தாலே பொலிசுக்குப் போன் எடுத்துச் சொல்லுகிற சுவிஸ் சனம் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு விரலை நீட்டி, இவன்தான், அவள்தான் என்று ஒரே அமளி. ஒரு கிழவர், விஷம் வைத்தது சூப் கொண்டுவந்த இந்தப் பெண்தான் என்று அஞ்சலினையே காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் சூப் சிந்தியது.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மன்னாரில் படிக்கிற காலத்தில் பள்ளிக்கூட நாடகங்களில் அவளுக்கு எப்போதும் சிறகு கட்டிய சம்மனசு வேஷம்தான், வசனம் கிடையாது. சுவிசுக்கு வந்தும் காலையில் ஹோட்டல் அறைகளைக் கூட்டுவதும் மாலையில் பரிமாறுவதுமாய்க் காலம் போனது. இப்போது தானே ஒரு நாடகம் எழுதினாள். வித்தைக்காரருக்குப் பதில் ராஜபார்ட். வரியேத்தே கூட்டத்துக்குப் பதில் அந்தக் காலத்து யாழ்ப்பாண நாடகக் கொம்பனி. தமிழ்க் கத்தோலிக்கச் சனத்தின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் அதைப் போட வேண்டும் என்று விழாத் தலைவர் அருட்பிரகாசத்திடம் போய் நின்றாள்.

"பாலன் பிறப்புக்குக் கொலையோ, பிள்ளை?" என்றார் அவர்.

"பாலன் பிறந்த நேரம் ஏரோது ராசா குழந்தையளை வெட்டினது என்ன, அண்ணை?"

அருட்பிரகாசம் சிரித்துவிட்டார். ஆனால் அவரும் லேசுப்பட்ட ஆளில்லை. "சரி, போடும். ஆனால் சனம் கொலைகாரனைப் பிடிச்சு நாடகம் முடியவேணும். இழுபட்டுதெண்டால் இனி உமக்கு மேடை இல்லை" என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். பிடிக்கிறவருக்குப் பரிசாக ஒரு மூட்டை பசுமதி அரிசியும் அறிவித்தார்.

கொலையாளி வேஷத்துக்கு அவள் போட்டது தன் புருஷன் டெஸ்மன்டை. கொம்பனிக்குப் பெற்றோல்மாக்ஸ் பிடிக்கிற விளக்குக்காரன். அதிகம் பேசத் தேவையில்லை என்று சொல்லித்தான் அவனைச் சம்மதிக்க வைத்தாள். டெஸ்மன்ட் ஆஸ்பத்திரியில் உடுப்புத் தோய்க்கிற லோண்டறியில் வேலை செய்கிறவன். வேலை விட்டால் வீடு, வீட்டில் ஒரு மூலை. விழா, கலியாணம் எதற்கும் வரமாட்டான். ஊரில் ஆமி சனத்தை வரிசையில் விட்ட ஒரு சுற்றிவளைப்பில், சாக்கால் தலையை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவன் இவனைப் பார்த்து ஆட்டிவிட்டான். பிடித்துக்கொண்டு போனார்கள். "இவருக்கு நான் பொறுப்பு" என்று அஞ்சலின் முகாம் வாசலில் நாள்தோறும் நின்று கத்தினாள். ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஆள் திரும்பி வந்தான். சிரிப்பு மட்டும் கூட வரவில்லை.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. ராஜபார்ட்டாக வந்த தவராஜா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழகாய்ச் செத்தார். முகத்துக்குப் பூசுகிற முத்துவெள்ளை டப்பாவில் விஷம். பெரிய தொப்பியோடு இன்ஸ்பெக்டராக வந்த அஞ்சலின் ஆட்டக்காரி, ஆர்மோனியக்காரன், பபூன், விளக்குக்காரன் நாலு பேரையும் வரிசையாய் நிறுத்திக் கையை நீட்டச் சொன்னாள். மூன்று பேரின் கை சுத்தம். கரி பிடித்திருக்க வேண்டிய விளக்குக்காரன் கை மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. தொட்டில் பிள்ளைக்கும் விளங்கும்.

"சொல்லுங்கோ, ஆர் செய்தது?"

ஒருத்தரும் விரல் நீட்டவில்லை. அவள் திரும்பவும் கேட்டாள். அரிசி மூட்டையைக் காட்டிக் கேட்டாள். சனம் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்தது. அருட்பிரகாசம் மேடையோரம் நின்று கைமணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார்.

முன்வரிசையில் இருந்த தமிழ்க்கடை ஜெயமலர்தான் மெல்லச் சொன்னாள். "எங்களை ஏன் பிள்ளை தலையாட்டச் சொல்லுறாய்?"

அஞ்சலினுக்கு உச்சந்தலையில் குட்டியது போல இருந்தது. எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவளும் அவள்தான். வெட்கமாகிவிட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"சரி, ஒருத்தரையும் காட்டவேண்டாம். இதில ஆருக்கு ஆர் பொறுப்பு நிக்கிறியள்?"

அவ்வளவுதான், மண்டபம் உயிர் பெற்றது. ஜெயமலர் எழும்பினாள். "ஆட்டக்காரிக்கு நான் பொறுப்பு. அந்தப் பிள்ளை ஈ எறும்புக்கும் தீங்கு நினையாது!" பின்னாலிருந்து ஒருவர், "ஆர்மோனியக்காரனுக்கு நான்! அவன் பெட்டியை விட்டு எழும்பவே இல்லை" என்றார். பபூனுக்குப் பொறுப்பு நிற்க அடிபிடி. செத்தவருக்கும் தான் பொறுப்பு என்று யாரோ கத்த, பிணம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

மிஞ்சியது விளக்குக்காரன். கை வெள்ளை, அதைவிட, ஆளை அங்கே ஒருத்தருக்கும் பழக்கமில்லை. எவரும் எழும்பவில்லை. இனி இன்ஸ்பெக்டர் "அப்ப நீதான்" என்று சொன்னால் போதும். நாடகம் முடியும், அவளுக்கு மேடையும் நிலைக்கும். டெஸ்மன்ட் கையை நீட்டியபடி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குனியச் சொல்லி அவள் எழுதவில்லை. அன்றைக்குத் தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் அவன் நின்ற நிலை அது.

மேடை போனால் போகட்டும் என்று நினைத்தாள். "இவருக்கு நான் பொறுப்பு" என்றாள்.

அருட்பிரகாசம் மைக்கைப் பிடுங்கினார். "அப்ப கொலைகாரன் ஆர்? நாடகம் முடியேல்லையே!"

டெஸ்மன்ட் தலையை நிமிர்த்தினான். அவளைப் பார்த்தான். அருட்பிரகாசத்தைப் பார்த்தான். ஒரு அடி முன்னால் வந்தான்.

"நான்தான், இன்ஸ்பெக்டர் அம்மா," என்றான், எழுதாத வசனத்தை, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. "ராசாவுக்கு வெளிச்சம் பிடிச்சுப் பிடிச்சுக் கை கடுத்துப்போச்சு. ஒருநாளெண்டாலும் என்ரை முகத்துக்குப் பிடியுங்கோவன் எண்டு கேட்டன். மாட்டனெண்டிட்டார்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டல் ஓயவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் டெஸ்மன்டும் சிரித்தான். அஞ்சலின் தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு அழுதாள். தன்னைத்தானே பிடித்தவர் என்று அரிசி மூட்டையை அவனுக்கே கொடுத்தார் அருட்பிரகாசம்.

மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

"அடுத்த வருஷமும் வருவியளோ?" என்று மெல்லக் கேட்டாள்.

"வாறன். ஆனால் என்னைச் செத்த ஆளாய்ப் போடும். செத்தவனை ஒருத்தரும் விசாரிக்கிறேல்லை."

"செத்த ஆளாய் மட்டும் போடமாட்டன்," என்றாள் அஞ்சலின். "வேணுமெண்டால் இன்னும் ரெண்டு கொலை செய்யுங்கோ."