எல்லா அறைகளுக்குமான அறிவிப்பு

என் அக்காவின் கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எதையும் கழற்றி உள்ளே பார்க்காவிட்டால் அத்தானுக்குத் தூக்கம் வராது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மிக்ஸியையே ஒரு நாள் பிரித்துப் போட்டார். கேட்டால், “ஓடுதுன்னா எப்படி ஓடுதுன்னு தெரிய வேணாமா?” என்று என்னையே மடக்கினார்.

அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வாங்கினார். அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் போடலாம். ரவுட்டரோடு இணைத்துவிட்டால், அதிலிருக்கும் பாட்டும் படமும் வீட்டில் எந்த அறையிலும் ஓடும். புதிய டிஸ்க் ஒன்றைப் போட்டு, பழைய டிஸ்க்கில் இருந்த குடும்ப வீடியோக்களையெல்லாம் அதில் ஏற்றினார். பிறகு அந்தப் பழைய டிஸ்க்கையும் சுத்தமாகத் துடைத்துப் பெட்டிக்குள்ளேயே செருகினார். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்குமாம்.

“லிஃப்ட்ட ஒரே கயித்துல தொங்க விடுவாங்களா? ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு தாங்கும்” என்றார்.

இத்தனை பாடும் ஒரே ஒரு வீடியோவுக்காகத்தான் என்பது எனக்குத் தெரியும். அக்கா பேருந்து நிலையத்தில் பத்தொன்பது வருடம் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவள். நாலு வருடத்துக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது பேசினால் உப்புத்தாள் தேய்ப்பது போல ஒரு கரகரப்பு மட்டும்தான். நிலையத்தில் அவள் பேசியதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அவளுடைய பழைய குரல் மிஞ்சியிருந்தது மகளின் பள்ளி நாட்களில் எடுத்த ஒரு வீடியோவில்தான். கையில் கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு சொல்வாள்:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. குளியலறையிலிருந்து சாப்பாட்டு மேஜை வழியாகப் பள்ளி செல்லும் செல்ல மகள், இன்றும் பதினைந்து நிமிடம் தாமதமாகப் புறப்படுவார். தாமதத்திற்கு வருந்துகிறோம். அப்பா கேமராவை ஆட்டாமல் பிடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்.”

பிறகு அவளாலேயே அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு. அவ்வளவுதான் வீடியோ.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒருமுறை அத்தான் அதை ஹாலில் ஓடவிட்டபோது, “அதைப் போடாதீங்க” என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்து போய்விட்டாள். அதன்பின் அவள் எதிரில் அவர் அதைத் தொட்டதே இல்லை.

முதலில் சமையலறை டேப்லெட்டில் இணைப்புக் கொடுத்தார். பிறகு ஹால். மூன்று வாரம் வயர் இழுத்து, கடைசியாகப் படுக்கையறை. அன்றைக்கு அக்கா வெளியே போயிருந்த நேரத்தில் என்னைப் படுக்கையறை டிவி முன்னால் நிறுத்திவிட்டு, ஹாலிலிருந்து கத்தினார்.

“வருதா?”

“வருது அத்தான்!”

படம் ஓடும்போதே ஒரு டிஸ்க்கைப் பிடுங்கினார். படம் நிற்கவில்லை. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. டிஸ்க்கைத் திரும்பச் செருகி, அது பழைய நிலைக்கு வரும்வரை காத்திருந்தார். அப்போதாவது விட்டிருக்கலாம்.

“யாராவது கை தவறி அழிச்சிட்டா? அதையும் பாத்துடணும்.”

“அதுக்கு ஏதாவது உதவாத படமா பாத்து அழிங்க அத்தான்.”

“காலி லிஃப்ட்ல பிரேக் பாத்தா அது சோதனையா? முழு பாரம் ஏத்திதான் பாக்கணும்.”

நான் ஹாலுக்கு வருவதற்குள் அந்த வீடியோவையே அழித்திருந்தார். அடியில் மெத்தை இருந்தால் சோதனை சரியாக இருக்காது என்று, அழித்தவை போய்ச் சேரும் பெட்டியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்திருந்தார். இரண்டாவது டிஸ்க் தாங்கும் என்று காத்திருந்தார். ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் பெட்டி, ஒன்றில் அழிப்பதை மற்றதிலும் அழிக்கும் என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அத்தான் திருதிருவென விழித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரிந்த கணினிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதைவிட, எப்படி அழிந்தது என்பதுதான் அத்தானை அரித்தது. லிஃப்ட் நின்றுபோனால் அதன் பதிவுப் பட்டியலைத்தான் முதலில் படிப்பாராம். அதேபோலப் பெட்டியில் எது எப்போது எந்த அறையில் ஓடியது என்ற பட்டியலையும் திறந்து, அந்த வீடியோவைத் தேடினார். கடைசி வரியில் அவர் அழித்தது இருந்தது. அதற்கு மேலே அதே வீடியோ. சமையலறை, காலை பதினொன்று. அதற்கு முந்தைய நாளும் சமையலறை, பதினொன்று. எண்ணிப் பார்த்தோம். பதினெட்டு முறை. பதினொரு மணிக்கு அத்தான் ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில் இருப்பார். மகள் கல்லூரியில் இருப்பாள். வீட்டில் அக்கா மட்டும்தான்.

“அவளுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேன்” என்றார்.

நேராகச் சமையலறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அக்கா அடுப்பை அணைத்தாள்.

“ரெண்டு நாளா அதக் காணோமேன்னு தேடிட்டிருந்தேன்” என்றாள். பிறகு, “ஃபோன எடுங்க. ஆட்டாம பிடிங்க.”

கரண்டியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். அதே நிறுத்தம், அதே ஏற்ற இறக்கம். குரல் மட்டும் வேறு.

அத்தான் அதைப் பெட்டியில் ஏற்றினார். தனியாக ஒரு டிஸ்க்கில் போட்டு என்னிடமும் கொடுத்தார். அது இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைக் கழற்றிப் பார்க்க மாட்டேன் என்று சத்தியமும் செய்திருக்கிறார்.

அன்று மாலை என்னை மறுபடியும் படுக்கையறையில் நிறுத்தினார். மூன்று அறையிலும் ஒரே சமயத்தில் அக்கா பேசினாள். பழைய சிரிப்பு வர வேண்டிய இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு பழையதில் இல்லாத ஒரு வரி:

“சோதனை செய்வதாகச் சொல்லி அறிவிப்பை அழித்த பயணி, அதற்காக வருந்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்.”

“வருது அத்தான்!” என்று கத்தினேன். போய்ப் பார்த்தால், ஹாலில் டிவி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தார்.