காலர்காரரின் அக்கா

என் வீட்டுக்காரருக்கு வெட்கம் வந்தால் முகத்தில் ஒன்றும் தெரியாது. டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அளவெடுக்க ஆளே இல்லாத கடைக்குள் அங்கும் இங்கும் நடப்பார். அவருடைய அக்காவுக்கு விருது என்று சேதி வந்தால் அன்றைக்கு அந்த நடை நிச்சயம்.

அக்கா மனோதத்துவப் பேராசிரியர். மனிதர்கள் பார்த்ததை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், எப்படிக் கோட்டை விடுகிறார்கள் என்று அவர் பேசினால் பெரிய பெரிய ஆட்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள். அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி அலமாரி முழுக்கப் பதக்கமும் கேடயமும்தான். கௌரவ டாக்டர் பட்டங்களைச் சுவரில் மாட்ட இடமில்லாமல் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். ஒவ்வொரு விழாவுக்கும் அவர் போட்டுக்கொள்ளும் கோட்டு என் வீட்டுக்காரர் தைத்தது. வேறு எந்த டெய்லரிடமும் அவர் கை நீட்டி நின்றதில்லை. அந்த மட்டில் எங்களுக்கும் பெருமைதான்.

வயிற்றெரிச்சல் அதற்கப்புறம். பேச்சுக்கு நடுவில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஒரு பழைய படம் போடுவார்கள். அதில் என் வீட்டுக்காரர் வருவார். மீசை அரும்புகிற வயது, ஒட்டிய கன்னம். அக்கா மாணவியாக இருந்தபோது செய்த சோதனை அது. ஓர் அறையில் பத்துப் பேரை உட்கார வைத்திருப்பார்கள். திடீரென்று ஒருவன் உள்ளே வந்து மேஜைமேல் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, வந்தவன் எப்படி இருந்தான் என்று கேட்பார்கள். ஆள் குறைந்ததென்று தையல் கடையில் எடுபிடியாக இருந்த தம்பியையும் அக்கா இழுத்துப் போயிருக்கிறார்.

எங்கள் ஆள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்: "காலர் நைஞ்சு போன சட்டை. பிரிச்சு, திருப்பிப் போட்டுத் தச்சிருக்கு. நான் டெய்லர், எனக்குத் தெரியாதா?"

உடனே திரையில் திருடனைக் காட்டுவார்கள். வட்டக் கழுத்து பனியன். காலர் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரங்கமே கொல்லென்று சிரிக்கும்.

ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரோ அவ்வளவு உண்மை என்று நம்பாதீர்கள் என்பதுதான் அக்காவின் கண்டுபிடிப்பு. அதற்குத்தான் இத்தனை பதக்கமும். படம் வகுப்புக்கு வகுப்பு போய், கடைசியில் எங்கள் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இவர் பெயர் காலர்காரர். சட்டை தைக்கக் கொடுக்கிறவன்கூட, "பாத்துண்ணே, காலர் வைக்க மறந்துடாதீங்க" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போவான். இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பார். அவன் தலை மறைந்ததும் டேப் கழுத்துக்கு ஏறும்.

இந்த முறை வந்தது எல்லாவற்றிலும் பெரிய விருது. விழாவும் எங்கள் ஊரிலேயே. எங்கள் பெண்ணுக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தி, "பேராசிரியரம்மா நம்ம சொந்தமாச்சே, குடும்பத்தோட வந்துடறோம்" என்று முன்வரிசையில் இடம் கேட்டுவிட்டார். அவருக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது.

"அக்காகிட்ட சொல்லுங்க, இந்த ஒரு தடவை அதைப் போட வேண்டாம்னு" என்றேன்.

"அதில்லாம அவ என்ன பேசுவா?"

"வாயில்லாதவங்களா அவங்க? நீங்க கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?"

"நீ சும்மா இரு."

நான் சும்மா இருக்கிற ரகம் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

கோட்டுக்கு ட்ரையல் பார்க்க அக்கா கடைக்கு வந்தார். கறுப்புத் துணி, கோட்டின் கை இன்னும் மெஷினில் ஏறாமல் நூலோட்டத்தில் நின்றது. இவர் உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அக்காவின் தோளைச் சுற்றிச் சுற்றி வந்தார். வாயில் ஊசி இருந்தால் பேச வேண்டியதில்லை, நல்ல சௌகரியம். நான் டீயை வைத்துவிட்டு நகரவில்லை. இவர் முழிக்கிற முழியைப் பார்த்துவிட்டு நானே ஆரம்பித்தேன்.

"அண்ணி, சம்பந்தி வீட்டுல எல்லாரும் வர்றாங்க. அந்தப் படம் வேண்டாமே."

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தார். "ஏன்டா, உனக்குப் பிடிக்கலையா? ஒரு நாளும் சொன்னதில்லையே நீ."

இவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினார். "நீ ஒரு நாளும் கேட்டதில்லையே."

அக்காவின் கை கோட்டோடு அப்படியே நின்றது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மனசுக்குள் ஒரு குதூகலம். பொய் சொல்வானேன்.

"சிரிக்கறாங்களேன்னு வெக்கமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க. அது பழகிடுச்சு." இவர் கோட்டின் தோளை நீவிவிட்டார். "எனக்கு இப்பவும் அந்தக் காலர் தெரியுதுக்கா. பனியன்னு நீ எத்தனை தடவை போட்டுக் காட்டினே. கண்ணை மூடினா காலர்தான். என் கண்ணையே நம்ப முடியலைன்னா நான் என்ன தொழில்காரன்? அதுதான் வெக்கம்."

இதை அவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் நானும் கேட்டதில்லை.

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எப்படித் தெரியுது? சொல்லு."

"ஓடறான். பின்னாலேருந்து தெரியுது. வெள்ளைச் சட்டை. காலருக்கு அடியில நீல நூல் ஓடுது, கோணலா."

"நீல நூலா?"

"ஆமா. அதைப் படத்துல சொல்லலை. வெள்ளைச் சட்டைக்கு நீல நூல்னா இன்னும் சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

அக்கா டீயைத் தொடவே இல்லை. "அது அப்பா சட்டைடா" என்றார்.

இவர் கையிலிருந்த, துணியில் கோடு போடுகிற சாக்கட்டி கீழே விழுந்தது.

அப்புறம் அக்கா சொன்னதைத்தான் நான் சொல்கிறேன். அக்காவைக் கல்லூரியில் சேர்க்க அப்பா கிளம்பிய அன்றைக்கு அப்பாவிடம் இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை, அதன் காலரும் கிழிசல். தொழில் பழகிக்கொண்டிருந்த தம்பி, முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்திருக்கிறான். வெள்ளை நூல் பெட்டிக்குப் பூட்டு. மெஷினில் ஏற்றியிருந்தது நீல நூல்.

"வரிசையில அப்பா முன்னாடி நின்னாரு. குனிஞ்சு கையெழுத்துப் போடும்போது அந்த நீலம் பளிச்சுனு தெரிஞ்சுது. என் பின்னாடி நின்ன பொண்ணுங்க சிரிச்சாளுங்க. நான் அவர் பொண்ணே இல்லாத மாதிரி நாலு பேர் தள்ளிப் போய் நின்னுக்கிட்டேன். ஏம்மா அங்க நிக்கறேன்னு அவர் கேக்கவே இல்லை." அக்கா தலையைத் தூக்கவில்லை. "நான் அந்தச் சோதனை பண்ணும்போது அப்பா தவறிப்போய் ஆறு மாசம் ஆகலை. ஓடினவன் முதுகைத்தான் நீ பாத்திருக்கே, அது மேல அப்பா சட்டை வந்து உக்காந்துடுச்சு. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் உக்கார வச்சு, இந்த ஞாபகம் எங்கேருந்து வந்துதுன்னு கேட்டிருக்கேன். உன்கிட்ட கேக்கலை. உன்னைக் காட்டிச் சிரிக்க வச்சுட்டேன். அப்பா காலரைக் காட்டி."

நான் ஆறிப்போன டீயை எடுத்து ஓரமாக வைத்தேன். அக்கா தம்பியை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை மேடையில சொல்லட்டுமாடா?"

"வேண்டாம்க்கா. அப்பா கிழிசலை ஊருக்குக் காட்டாதே."

"சரி. அப்போ இந்தக் காலருக்கு அடியில நீல நூல் போட்டுக் கொடு."

இவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல்தான். என் கடைப் பேரைக் கெடுக்கறதுக்கா?"

அக்கா கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். ரெண்டு நாளில் இவர் கறுப்பு நூலிலேயே வேலையை முடித்து, மடிப்புக் கலையாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விழாவன்று சம்பந்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அக்கா பேசினார். விளக்கு அணையவில்லை, திரையில் யாரும் வரவில்லை. பேச்சும் உப்புச் சப்பில்லாமல்தான் இருந்தது. விழா நடத்துகிறவர் மைக்கைப் பிடித்து, "அந்தப் பிரபலமான டெய்லர் படம் இல்லையா மேடம்?" என்று இளித்தார். என் வீட்டுக்காரரின் கை கழுத்துக்குப் போனது. அங்கே டேப் இல்லை.

"இனிமே அது கிடையாது" என்றார் அக்கா. காரணம் சொல்லவில்லை. அது இல்லாமல் என்ன பேச்சு என்று பின்வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள்.

பதக்கம் போடக் கூப்பிட்டார்கள். அக்கா குனிந்தார். நாடா சரியாக உட்காரட்டும் என்று தலைவர் கோட்டுக் காலரைப் பின்னால் தூக்கிவிட்டார். இத்தனை காலம் இவர் முகத்தைக் காட்டிய திரை மாதிரியே பெரிய திரை, மேடைக் கேமரா வழியாக அதில் இப்போது அந்தக் காலர். அடியில் கறுப்புத் துணிமேல் நீல நூல். ஊசி பிடிக்கத் தெரியாத கை போட்ட தையல், ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுவில் ஒரு முடிச்சு.

சம்பந்தி என் வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, "கோட்டு நீங்க தச்சதுன்னு சொன்னீங்களே" என்று இழுத்தார்.

இவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அக்கா நிமிர நேரமாயிற்று. தேவைக்கு மேலேயே குனிந்து நின்றார்.

"ஆமாங்க" என்றார் இவர். "அந்தத் தையலும் நான் போட்டதுதான்."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.