ரிஜக்டட் போட்டு முடித்த புகார்கள்

பாகூர் ஏரியைத் தாண்டிக் கரும்பு வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மருந்து பாட்டில்களுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி. அங்கே எனக்குப் பெயர் கம்ப்யூட்டர் ஆள். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், முதலாளி வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கரையாம்புத்தூரில் அப்பாவுக்குக் கரும்பும் நெல்லுமாக நாலு காணி நிலம் இருந்தது. அந்தச் சம்பளம் வந்துதான் எங்கள் வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்றில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்கு வயிற்றுப்பாட்டைக் காரணம் காட்ட முடியாது.

மெஷின் ரிப்பேர் எதுவும் இனி வாய்ப்பேச்சாகப் போகக்கூடாது என்று முதலாளி ஒருநாள் கண்டிப்பாகச் சொன்னார். நான் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு புகார் மென்பொருளை இறக்கி, என் மேசைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரை சர்வராக்கி அதில் நிறுவினேன். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பர் விழும். யார் போட்டது, எந்த மெக்கானிக்குக்குப் போனது, முடிந்ததா இல்லையா என்பதெல்லாம் அதில் தெரியும். கொஞ்ச நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

மெக்கானிக்குகளுக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஒரு புகாரை ‘குளோஸ்டு’ என்று முடிக்க ஒன்பது கட்டங்களை நிரப்ப வேண்டும். என்ன பாகம் மாற்றினார்கள், எத்தனை நிமிடம் ஆனது, ஏன் பழுதானது என்று முதலாளி கேட்டதையெல்லாம் நான் அதில் வைத்திருந்தேன். தலைமை மெக்கானிக் ஒருநாள் எண்ணெய்க் கையோடு வந்து நின்றார்.

“ரிப்பேர் பண்றது பத்து நிமிசம்பா. அத்த ரொப்பறதுக்கு அர மணி நேரம் ஆவுது. வேற வழி எதுனா சொல்லு.”

வழி சொன்னேன். ‘குளோஸ்டு’ போட்டால்தான் ஒன்பது கட்டமும் வரும். ‘ரிஜக்டட்’ போட்டால் ஒன்றுமே கேட்காது, புகார் அப்படியே முடிந்துவிடும். என்ன வேலை செய்தோம் என்பதைக் கீழே குறிப்பில் தமிழில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்றேன். அன்றிலிருந்து எல்லாரும் போனிலேயே ரிஜக்டட்டை அழுத்தி, கீழே தமிழில் எழுதிவிட்டுப் போனார்கள். மெஷினைச் சரிசெய்யத்தான் செய்தார்கள். அதில் குறையில்லை.

அந்தப் புகார்களைப் போட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு பெண். மூடிகளைப் பரிசோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. மணப்பட்டுக் கடற்கரையிலிருந்து வருவாள். மெஷின் ஓட்டுகிறவர்கள் யாரும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார்கள். “நாலாம் நம்பர்ல ஹீட்டர் ஏறல, போட்டுடும்மா” என்று நின்ற இடத்திலிருந்தே கத்துவார்கள். அவள் போடுவாள். எல்லாப் புகாரும் அவள் பெயரில்தான் ஏறியது.

அவளுடைய அம்மா மீன்காரி. விடிந்ததும் அலுமினியக் கூடையோடு பஸ் ஏறி பாகூர் மார்க்கெட்டுக்கு வருகிறவர். கண்டக்டர் அவரைக் கடைசிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்க வைப்பான். மகள் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்து நாற்காலியில் உட்காரும் வேலைக்கு வந்துவிட்டாள், ஆனால் ஒரு வருடக் கான்ட்ராக்ட். வருடம் முடிகிற மாதம் நிரந்தர ஆர்டர் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். “ஆர்டர் கைக்கு வந்த அன்னிக்கே அம்மாவ கூடய எறக்கி வெக்க சொல்லிடுவேண்ணா” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடம் மட்டும் நாலு முறை சொல்லியிருப்பாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ அவள் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஊதுவத்தி கொளுத்தி வைத்தார்கள். யாரோ என்று எதற்குச் சொல்ல வேண்டும், நான்தான். மீன் வாசம் ஒன்றும் வரவில்லை, சும்மா சிரிப்பதற்காக. அவள் ஊதுவத்தியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் இருந்த சாமி படத்துக்கு முன்னால் செருகிவிட்டு வந்து வேலையைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு இன்னொன்று நடந்தது. ‘சர்வர் வாரத்துக்கு மூன்று முறை நிற்கிறது, கேட்டால் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்கிறார்கள்’ என்று என் பெயருக்கே ஒரு புகார் போட்டாள். மாதக் கூட்டத்தில் முதலாளி அதை உரக்கப் படித்தார். மெக்கானிக்குகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ரிஜக்டட் விஷயத்தை முதலில் கவனித்ததும் அவள்தான். “ண்ணா, ரிஜக்டட்னு வந்தா நான் பொய் கம்ப்ளெயின்ட் குடுத்த மாதிரி ஆவுதே?” என்று கேட்டாள்.

“அதான் கீழ வேலை செஞ்சத எழுதறாங்கல்ல. படிக்கறவனுக்குப் புரியும், போம்மா” என்றேன்.

அந்த மென்பொருளை நிறுவிய நாளிலிருந்து நான் புதுப்பிக்கவே இல்லை. புது வெர்ஷனில் வட்டப்படம், பட்டைப்படம் எல்லாம் வருகிறதாம் என்று முதலாளி எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, உடனே அது வேண்டும் என்றார். இடையில் நாலு வெர்ஷன் தாண்டிப் போயிருந்தது. ஒவ்வொன்றாக ஏற வேண்டும், முதலில் ஒரு நகலில் செய்து பார்க்க வேண்டும் என்று அதன் கையேட்டிலேயே எழுதியிருந்தது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் ஊரில் சித்தப்பா பேரனுக்குக் காதுகுத்து. பிரியாணி பன்னிரண்டு மணிக்கெல்லாம் இறக்கிவிடுவார்கள் என்று பத்து மணிக்கே போன் வந்துவிட்டது.

பழைய தகவலை முழுதாக ஒரு பென்டிரைவில் நகலெடுத்துத் தோள்பையில் போட்டுக்கொண்டேன். ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான். நாலு வெர்ஷன்களையும் ஒரே தாவலில் தாண்டினேன். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, குறிப்புகள் இருக்கும் பட்டியலுக்கு வந்ததும் நின்றுவிட்டது. காரணம் எனக்கு உடனே புரிந்தது. முதல்முறை நிறுவும்போது, தமிழ் எழுத்தைச் சரியாகச் சேமிக்கும்படி நான் தகவல்தளத்தை அமைக்கவில்லை. அதுவரை எப்படியோ ஓடிவிட்டது, புது வெர்ஷன் ஏற்கமாட்டேன் என்றது. முறையாகச் சரிசெய்ய அரை நாளாவது வேண்டும். பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று ஒரே வரியில் கட்டளை கொடுக்கலாம் என்று எங்கேயோ ஒருவன் எழுதியிருந்தான். கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு முகப்பு வந்தது, வட்டப்படம் பளபளவென்று சுற்றியது. ஏதோ ஒரு புகாரைத் திறந்து பார்த்தேன். அவள் ஆங்கிலத்தில் போட்ட தலைப்பு இருந்தது, நம்பர் இருந்தது, ரிஜக்டட் என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருந்தது. கீழே மெக்கானிக் தமிழில் எழுதிய குறிப்பு இருந்த இடத்தில் ஒரு வரி முழுக்கக் கேள்விக்குறிகள். அடுத்ததைத் திறந்தேன். அதிலும் கேள்விக்குறிகள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பூட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போனேன்.

அடுத்த வாரம் வரை முதலாளி காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே வட்டப்படத்தைத் தட்டித் தட்டி விளையாடியிருக்கிறார். என்னையும் தலைமை மெக்கானிக்கையும் கூப்பிட்டார். திரையில் அந்தப் பெண்ணின் பெயரில் ஒரு வட்டம், முக்கால்வாசிக்கு மேல் சிவப்பு.

“இன்னாப்பா இது? அந்தப் பொண்ணு போட்ட கம்ப்ளெயின்ட்ல முக்காவாசி ரிஜக்டட்னு காட்டுது?”

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். தலைமை மெக்கானிக் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். ஒன்பது கட்டங்களை ஏய்த்த கதை வெளியே வந்தால் இரண்டு பேருக்கும் கேடு.

“சிஸ்டம் சொல்றத நான் இன்னா சார் சொல்றது” என்றேன். மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவளைக் கூப்பிட்டார்கள். வந்தாள், பதறவில்லை. “சார், கீழ நோட்ஸ படிங்க சார். இன்னா மாத்துனாங்க, இன்னா சரி பண்ணாங்கன்னு எல்லாமே எழுதியிருப்பாங்க” என்று சொல்லி, தானே மவுசைப் பிடித்து ஒரு புகாரைத் திறந்தாள். கேள்விக்குறிகள். இன்னொன்றைத் திறந்தாள். பிறகு வேகவேகமாகப் பத்துப் பதினைந்தைத் திறந்து பார்த்தாள். அவள் கழுத்தில் வேர்வை இறங்குவதை நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நீ இன்னா சொல்றன்னு அவனுங்களுக்கே புரியலம்மா. அதான் வரிசையா கேள்விக்குறியா போட்டு வெச்சிருக்கானுங்க.”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒப்புக்குச் சிரிக்கவில்லை, மாதக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு மனசாரச் சிரித்தேன்.

மத்தியானம் என் மேசைக்கு வந்தாள். அழுதிருந்தாள், முகத்தைக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தாள். “ண்ணா, ஏத்தறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்திருப்பல்ல? அதுல நோட்ஸ் இருக்கும்ணா. எல்லாத்தையும் கேக்கல. பத்தே பத்து கம்ப்ளெயின்ட் பிரின்ட் எடுத்துக் குடு. சாருகிட்ட காட்டிட்டு தூக்கி போட்டுடறேன். ஆர்டர் டைப் பண்ணி ரெடியா இருக்குதாம்ணா, கையெழுத்துதான் போடலயாம்.”

பென்டிரைவ் என் பையில் இருந்தது. பை என் காலடியில் இருந்தது.

“எடுத்தேம்மா. அதுலயும் இதே கேள்விக்குறிதான் வருது. பழைய சர்வர், இன்னா பண்றது” என்றேன்.

அவள் திரும்பிப் போனாள். பிறகு மெஷின் ஹாலுக்குப் போய் மெக்கானிக்குகளை ஒவ்வொருவராகக் கேட்டாள். யார் வந்து முதலாளியிடம் சொல்வீர்கள் என்றுதான் கேட்டிருப்பாள். ஒருவன் மெஷினுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

வெள்ளிக்கிழமையோடு அவளை நிறுத்தினார்கள். பொய்ப் புகார் போட்டு உற்பத்தியைக் கெடுத்தவள் என்று காரணம் சொன்னார்கள். “சாயங்காலம் வரைக்கும் லாகின வெச்சிருண்ணா, அஞ்சாம் நம்பர்ல ஆயில் ஒழுவுது, போட்டுட்டு போறேன்” என்றாள். நான் பதினோரு மணிக்கே அவள் கணக்கைப் பூட்டினேன். இதற்கு எனக்கு எந்த லாபமும் கிடையாது. செய்ய முடிந்தது, செய்தேன்.

அவள் போன பிறகு புகார் போட ஆளில்லை, அதனால் ஒரு புகாரும் வரவில்லை. ஐந்தாம் நம்பரைச் சுற்றிச் சாக்கு விரித்து எண்ணெயை வழித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி வட்டப்படத்தைக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். “பாத்தியாப்பா, அவ போனதும் கம்பெனி எவ்ளோ நல்லா ஓடுதுன்னு.”

வீட்டில் ஒருநாள் சும்மா அந்தப் பென்டிரைவைப் போட்டுப் பார்த்தேன். அத்தனை குறிப்பும் தமிழில் ஓர் எழுத்து கெடாமல் இருந்தது. ‘ஹீட்டர் பேண்ட் மாத்தியாச்சு.’ ‘ஹோஸ் கிழிஞ்சி இருந்தது, புதுசு போட்டாச்சு.’ ஓரிடத்தில் வயதில் சின்னவனான ஒரு மெக்கானிக், ‘அக்கா சொன்னது கரெக்ட், மோல்டுல விரிசல், கழட்டியாச்சு’ என்று எழுதியிருந்தான். ஒரு மணிநேரம் உட்கார்ந்து படித்தேன். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, காதுகுத்து போட்டோக்களை அதில் ஏற்றி சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாகூர் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். அவளைக் கவனிக்காமல் அவள் கூடைக்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டேன். பக்கத்தில் அவள் அம்மா இன்னொரு கூடையோடு முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

“வாண்ணா. சங்கரா நல்லா இருக்குது, இன்னிக்கு காலைல ஏறுனது” என்றாள். எடை போட்டாள், செதில் சீவினாள். கை பழகியிருந்தது. நான் பையை விரித்துப் பிடித்தேன்.

மீனைப் பையில் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள். “ண்ணா, ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன். அன்னிக்கு பேக்கப் கெட்டுப்போச்சுன்னு சொன்னல்ல, எனக்கு உன்மேலதான் சந்தேகம் வந்துச்சு. வெச்சிக்கினே இல்லன்றியோன்னு. அம்மாகிட்டகூட உன்ன கண்டபடி திட்டிட்டேன். அப்புறம் யோசிச்சா மனசு கேக்கல. உனக்கு இன்னாத்துக்கு என்மேல அவ்ளோ கோவம் இருக்கப் போவுது? தப்பா எடுத்துக்காதண்ணா.”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றேன்.

காசு கொடுத்தேன். அவள் கூடையிலிருந்து இன்னும் இரண்டு மீனை எடுத்து என் பையில் போட்டாள். வேண்டாம் என்றேன். “சும்மா கொண்டுபோண்ணா” என்றாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள். நல்ல பசி, இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.