புதன்கிழமை பதினோரு மணிச் சைரன்

மலர்க்கொடி டீச்சர் இல்லை. ஆனாலும் எர்ணாவூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவள் மிஸ்தான். பயந்துபோன பிள்ளைகளோடு பேசிப் பழகி அவர்களைத் தேற்றுவது அவள் வேலை. தொண்டு நிறுவனம் ஒன்று பத்து நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு கையேட்டையும் திணித்து அனுப்பியிருந்தது. அவளும் அதே ஏரியா குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவள்.

ஐப்பசி மழையில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கேஸ் கசிந்து, ஏரியாவே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு மெர்லின் வகுப்புக்குள் வரவில்லை. கேட் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். புதன்கிழமைதோறும் பதினோரு மணிக்கு அந்தத் தொழிற்சாலை சோதனைச் சைரன் ஊதும். ஊதியதும் வீட்டைப் பார்த்து ஓடிவிடுவாள்.

அவள் அப்பா பாஸ்கல் துறைமுகத்தில் கூலி. "கிறிஸ்மஸ் லீவுக்குள்ள உள்ள போய் குந்தலன்னா திண்டிவனம் ஹாஸ்டல்ல சேத்துருவேம்மா. வேற இன்னா பண்றது?" என்றார். மெர்லின் அப்பாவின் லுங்கியை விடவில்லை.

கையேட்டின் முதல் பாடம், மூச்சை ஆழமாக இழுத்து விடுவது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் மலர்க்கொடி ஆரம்பித்தாள்.

"இழு. இன்னும் நல்லா இழு."

மெர்லின் காலரால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இன்னா மிஸ் நீ? இழுத்தா கேஸு உள்ள பூடும்ல?"

மலர்க்கொடிக்கு முகம் சுண்டிவிட்டது. நாற்றம் வந்தால் மூச்சை அடக்கு என்றுதான் அவள் அம்மாவும் சொல்லி வளர்த்தாள். பத்து நாள் ஏசி ஹாலில் உட்கார்ந்ததில் அது எப்படி மறந்தது?

மறுநாள் கையேடு வீட்டிலேயே கிடந்தது. நெஞ்சு படபடத்தால் கேட்டிலோ பெஞ்சிலோ கானாத் தாளம் தட்ட வேண்டும். முதலில் நெஞ்சு அடிக்கிற வேகத்தில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து. தாளம் இறங்க, யாரும் சொல்லாமலே மூச்சும் இறங்கியது. பயத்தை அளக்க ஷேர் ஆட்டோ ஸ்டாப்புகள். உச்சப் பயம் எண்ணூர், நடுவில் தேரடி, டோல்கேட், நிம்மதி ராயபுரம்.

"இப்ப எங்க கீற?"

"எண்ணூரு."

"தட்டு. எறங்கி வா."

"...தேரடி. இரு மிஸ், டோல்கேட்டு வந்துகினு கீது."

கேட்டிலிருந்து வராந்தாவுக்கு ஒரு வாரம். வராந்தாவிலிருந்து கடைசி பெஞ்சுக்கு இரண்டு வாரம். புதன்கிழமைகளில் மட்டும் பத்தரைக்கே பையைத் தூக்கிவிடுவாள். இதற்குள் பிள்ளைகள் எல்லோரும் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்திருந்தார்கள். தலைமையாசிரியர் சங்கரநாராயணன் எரிச்சலோடு வந்தார்.

"இது ஸ்கூலாம்மா, கானா கச்சேரியா?"

"எங்க ஏரியா வைத்தியம் சார். லீவுக்கு முந்தின புதன்கிழமை வரைக்கும் பொறுத்துக்குங்க. அப்புறம் நானே நிறுத்திடறேன்."

அந்தப் புதன்கிழமையும் வந்தது. மலர்க்கொடி ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் நின்றாள். தலைமையாசிரியரும் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். பதினோரு மணிக்குச் சைரன் அலறியது. மெர்லின் எழுந்தாள். பையைத் தொட்டாள். பிறகு உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெஞ்சைத் தட்டினாள். வேகமாக, காட்டுத்தனமாக. அப்புறம் கொஞ்சம் மெதுவாக.

சைரன் ஓய்வதற்குள் அவள் பார்வை ஜன்னலுக்கு வந்தது. சிரித்துவிட்டாள்.

"மிஸ், நீ எந்த ஸ்டாப்புல கீற?"

அப்போதுதான் மலர்க்கொடிக்கு உறைத்தது. துப்பட்டாவால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"எண்ணூருடி," என்றாள் துணிக்குள்ளிருந்து.

"பயப்படாத. டெஸ்ட்டு சைரன்தான். தட்டிக்கினே எறங்கி வா."

தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டிருக்க, மலர்க்கொடி ஜன்னல் கட்டையில் தட்ட ஆரம்பித்தாள்.