மீன் பெட்டிக்குள் என் இன்சுலின்

முதல் ஊரடங்கின் மே மாதம். ராயபுரத்தில் ஒரு சந்தில், மாடி வீட்டில் குடியிருந்தோம். அனல் பறந்த ஒரு காலையில் எங்கள் ஃபிரிட்ஜ் உயிரை விட்டது. மெக்கானிக் வர வழியில்லை. உள்ளே இருந்தவை: தோசை மாவு, அரை எலுமிச்சை, மூன்று குப்பி இன்சுலின்.

பன்னிரண்டு வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை நோய். ஊசி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. அடுத்த சரக்கு எப்போது வரும் என்று மருந்துக் கடைக்காரருக்கே தெரியவில்லை. இந்த மூன்றும் கெட்டால் என் கதை முடிந்தது. இதில் இன்னொரு சிக்கல், எனக்கு நோய் இருப்பது சந்தில் யாருக்கும் தெரியாது. கல்யாணம் தடைபடும் என்று அம்மா கட்டிக்காத்த ரகசியம் அது.

கருவிப் பொறியியல் படித்தவள் ஆயிற்றே, வழிகளைத் தாளில் எழுதினேன். மண்பானை: இந்த வெயிலுக்குத் தாங்காது. ஈரத்துணி: அதே கதை. ஐஸ்: கீழ் வீட்டு அக்கா. அவர் வாசலிலேயே மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

குப்பிகளைச் சின்னத் தூக்கில் போட்டு, டிஜிட்டல் வெப்பமானியோடு இறங்கினேன்.

"ஒரு மருந்துக்கா. கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கணும்."

"ஐஸ் கேக்குதா? மருந்தா, மாப்ளையாம்மே அது?" சிரித்தபடி ஐஸ் பெட்டியில் சங்கரா மீன்களை ஒதுக்கி இடம் விட்டார்.

இரண்டிலிருந்து எட்டு டிகிரி வேண்டும். ஐஸ் குறைந்திருந்த அந்த மூலையில் வெப்பமானி பதினொன்று காட்டியது. அக்கா உள்ளே போன நேரம், என் படிப்பு வேலை செய்தது. உப்பு சேர்த்தால் ஐஸ் இன்னும் குளிருமே! பக்கத்தில் இருந்த கல்லுப்பை இரண்டு கை அள்ளிப் போட்டேன். ஏழு. நாலு. இரண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான் என்பது அந்தப் பெருமையில் மறந்தே போனது.

அக்கா வந்து பார்த்து அலறினார். "அட கஸ்மாலமே! உப்பு போட்டா மீனே கல்லாட்டம் வெறச்சிக்கும். உன் மருந்து இன்னாத்துக்கு ஆவும்?"

தூக்கைப் பிடுங்கி என் கையில் திணித்தார். வெப்பமானியில் சைபர். ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்றும் உறையவில்லை.

"இப்பவாவது சொல்லு, இன்னா மருந்து?"

சொன்னேன்.

"சுகரா? இதுக்காம்மே ஒளிச்ச? ஊசி மருந்துன்னு சொல்லியிருந்தா ஐஸாண்டயே வுட்டிருக்க மாட்டேனே!"

உப்பு ஐஸைக் கொட்டிவிட்டு, புது ஐஸ், மேலே கோணி, அதன் மேல் செய்தித்தாள், பிறகு தூக்கு என்று அடுக்கினார். கையை உள்ளே விட்டுப் பார்த்து, "போதும்" என்றார். சந்தேகத்தோடு வெப்பமானியை வைத்தேன். ஐந்து டிகிரி.

மறுநாளிலிருந்து, "சுகர் பொண்ணே! ஊசி டைமாச்சி, எறங்கு!" என்று சந்தே அதிரக் கூவல். அம்மா கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் ஒரே வாரத்தில் இன்னும் இரண்டு வீட்டு இன்சுலின் குப்பிகள் அந்தப் பெட்டிக்குக் குடிவந்தன. இறால் வாங்க வந்தவர்களெல்லாம் என் காலைச் சர்க்கரை அளவை விசாரித்தார்கள்.

இப்போது எந்தப் புது இடத்துக்குப் போனாலும் என் நோயை முதல் நாளே சொல்லிவிடுகிறேன். காப்பாற்றக்கூடியவர்களிடமே அத்தனை வருடம் ஒளித்துவைத்ததை நினைத்தால், சிரிப்போடு கொஞ்சம் நடுக்கமும் வருகிறது.